வெங்காயத்தை எதுவரை வதக்குவது?

தீ அலாரம் அலற ஆரம்பித்ததும் மொத்தக் கட்டடமும் படியிறங்கி மழைக்குள் வந்து நின்றது.

அது ஒரு பதிப்பகம். கீழே புத்தகக் கடை, அதற்கு மேலே நிர்வாகம், இரண்டாவது மாடியில் அகராதிப் பிரிவு, மூன்றாவது மாடியில் ஒரு சமையலறை. பதிப்பகத்துக்கு எதற்குச் சமையலறை என்று கேட்பீர்கள். சமையல் புத்தகம் போடுகிறவர்கள், அதிலிருக்கும் குறிப்புகளை ஒருமுறையாவது சமைத்துப் பார்த்துவிட்டு அச்சுக்கு அனுப்ப வேண்டாமா? அதற்குத்தான். சமைத்துப் பார்த்து, தேறியது, தேறவில்லை என்று எழுதிக் கொடுக்க அங்கே ஒரே ஒருத்தி. அலுவலகத்தில் எல்லாருக்கும் அவள் 'கரண்டி'.

இன்றைக்கு அந்தக் கரண்டிதான் குற்றவாளி. எதிர்க்கடையின் சாய்ப்புக்குக் கீழே, ஏப்ரனைக்கூடக் கழற்றாமல், தலையெல்லாம் கருகிய வெங்காய நாற்றத்தோடு ஒடுங்கி நின்றாள். மழை சுகமாகத்தான் பெய்துகொண்டிருந்தது. நனைந்தவர்கள்தான் சுகமாக இல்லை. "யாரு பார்த்த வேலை இது?" என்று ஆளுக்கொரு பக்கம் முணுமுணுத்தார்கள். நல்லவேளை, இன்னும் யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை...

கடைசியாக ஒருவன் வந்தான். நெட்டையாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, மர டிராயர் ஒன்றை நெஞ்சோடு அணைத்தபடி. டிராயர் நிறையச் சீட்டுகள். பச்சைக் குழந்தையை நனையாமல் தூக்கி வருகிறவன் மாதிரி அதன்மேல் கவிழ்ந்து, முதுகை மழைக்குக் கொடுத்துக்கொண்டு, ஓட்டமும் நடையுமாக அவள் நின்ற சாய்ப்புக்குள்ளேயே புகுந்தான்.

"சாமான் எதையும் தூக்கிட்டு வரக் கூடாதுன்னு எத்தனை தடவை சார் சொல்றது?" என்று காவலாளி கத்தினார்.

"இது சாமான் இல்லைங்க... வகரம்!" என்றான் அவன்.

காவலாளிக்கு ஒன்றும் புரியவில்லை. கரண்டிக்குப் புரிந்தது. அகராதிப் பிரிவு ஆள். 'வ'வில் தொடங்கும் வார்த்தைகள் முழுக்க அந்த டிராயருக்குள் இருக்கின்றன. அப்படிக் காப்பாற்றியும் முன்வரிசைச் சீட்டுகள் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. அதைப் பார்த்ததும் அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

"எந்தப் புண்ணியவான் அடுப்பைப் பத்த வச்சானோ தெரியலை... அவன் மட்டும் என் கையில கிடைச்சான்..."

பேசாமல் இருந்திருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் இருந்திருப்பார்கள். ஆனால் கரண்டியின் நாக்குக்கு அந்த வித்தை தெரியாது.

"புண்ணியவான் இல்லை... புண்ணியவதி," என்றாள். "நான்தான்."

அவன் திரும்பினான். கண்ணாடி முழுக்க மழைத்துளி. முறைக்க நினைக்கிறான், முறைக்க முடியவில்லை. துடைக்கலாமென்றால் இரண்டு கையும் வகரத்தில் மாட்டிக்கொண்டிருக்கின்றன. பார்த்துக்கொண்டிருந்த கரண்டிக்குப் பாவமாகிவிட்டது. கையை நீட்டி அவன் கண்ணாடியைக் கழற்றினாள்... ஏப்ரன் முனையால் துடைத்தாள்... நிமிர்ந்தாள்.

கண்ணாடி இல்லாத அந்தக் கண்கள்...! இத்தனை கோபத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத, தூங்கி எழுந்த பிள்ளையின் கண்கள். ஓர் இமையில் ஒரு துளி விழுவதா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தது. அவளுக்கு என்னவோ செய்தது. அவசரமாகக் கண்ணாடியை மாட்டிவிட்டாள்.

"இப்ப கண்ணுக்குள்ளயும் வெங்காய வாசனை வருது," என்றான் அவன். குரலில் பாதிக் கோபத்தைக் காணோம். "சரி, சொல்லுங்க. சமையல் செய்யத் தெரியாத ஆளையா சமையலறையில வச்சிருக்காங்க?"

"நல்லாவே தெரியும். ஆனா தெரிஞ்சதைச் செய்யக் கூடாது. எழுதியிருக்கறதைத்தான் செய்யணும். அதான் என் வேலை. 'வெங்காயத்தை வதக்கவும்'னு எழுதியிருந்தது... வதக்கினேன்."

"கருகற வரைக்குமா?"

"எதுவரைன்னு எழுதலையே! அடுத்த வரி, 'பிறகு அடுப்பை அணைக்கவும்.' எப்ப பிறகு? பொன்னிறமா? கண்ணாடி மாதிரியா? ஒண்ணும் இல்லை. முதல் தடவையா அடுப்பு முன்னாடி நிக்கற ஒருத்தி இதைப் படிச்சா என்ன செய்வா? நின்னு கிளறிக்கிட்டே இருப்பா. நானும் கிளறினேன்."

அவன் வாயைத் திறந்தான், மூடினான். சிரிப்பு வருகிறது, அடக்குகிறான் என்று தெரிந்தது.

"யார் எழுதினது?"

"எனக்கு எப்படித் தெரியும்? பேரை மறைச்சுத்தான் கொடுப்பாங்க. எழுதினவங்களுக்கும் என்னைத் தெரியக் கூடாது, எனக்கும் அவங்களைத் தெரியக் கூடாது. யாரோ ஒரு மகாராணி. 'அடுப்பைக் கோபப்படுத்தாதீர்கள்'னு பக்கத்துக்குப் பக்கம் ஆணை போட்டிருக்காங்க. கோபமான அடுப்பு எப்படி இருக்கும்னு மட்டும் சொல்லலை."

அடக்கி வைத்திருந்த சிரிப்பு சட்டென்று காணாமல் போயிற்று. அவன் டிராயரைப் பார்த்துக் குனிந்துகொண்டான். சரியான அகராதி, ஒரு நிமிஷம் சிரிக்கிறான், மறு நிமிஷம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து மனசுக்குள் அவனுக்கு அதுவே பெயராகிப் போனது.

மழை விட்டது. ஆனால் அவளுக்கு உறுத்தல் விடவில்லை. பாவம், அவன் வார்த்தைகளை நனைத்துவிட்டோமே... மத்தியானம் இரண்டாவது மாடிக்கு இறங்கிப் போனாள். மேஜை, ஜன்னல், நாற்காலி முதுகு என்று கண்ட இடத்திலெல்லாம் சீட்டுகளைப் பரப்பிவிட்டு அவன் விசிறிக்கொண்டிருந்தான்.

"மேல கொண்டு வாங்க," என்றாள். "காய வச்சுத் தரேன்."

"எதுல?"

"ஓவன்ல. பிஸ்கெட் சுடற அடுப்புல."

"எரிச்சது போதாதா?"

"சூடு ஏத்த மாட்டேன். லேசா வெதுவெதுன்னு வச்சு, கதவைத் திறந்து போட்டா நொடியில உலர்ந்துடும். பிஸ்கெட்டே மொறுமொறுன்னு ஆயிடுது, காகிதம் ஆகாதா?"

பயந்துகொண்டேதான் வந்தான். பிஸ்கெட் தட்டுகளில் வரிசையாக வார்த்தைகளை அடுக்கினார்கள். வடை, வண்டி, வணக்கம்... வத்தல்... அடுத்ததை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். *வதக்கு: வாடச் செய், சூடுகாட்டித் துவளச் செய், வருத்து.*

"இவ்வளவுதானா?" என்றாள். "இதுலயும் எதுவரைன்னு இல்லையே!"

"அகராதி அர்த்தம்தான் சொல்லும் மேடம். அளவு சொல்லாது."

"அர்த்தமாவது முழுசா இருக்கா?"

அவன் ஓவனுக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்தான். சொல்லத் தொடங்கியதும் ஆளே மாறிவிட்டான். "இது ஜோடி வார்த்தைங்க. வதங்கு, வதக்கு. தானா ஆனா வதங்குது, நாம செஞ்சா வதக்கறோம். அடங்கு, அடக்கு. கலங்கு, கலக்கு. முடங்கு, முடக்கு. மெல்லினம் தானா நடக்கறது, வல்லினம் இன்னொருத்தர் நடத்தறது. எவ்வளவு அழகு பாருங்க..."

"மயங்கு, மயக்கு?" என்று கேட்டுவிட்டாள். கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று உறைத்தது.

"அதுவும்தான்..." என்றான் அவன். காது மடல் சிவந்திருந்தது. அடுப்புச் சூடாகவும் இருக்கலாம்.

அவள் அவசரமாகத் தட்டைத் திருப்பி வைத்தாள். "சரி, எங்கேருந்து வந்தது இது?"

"வெயில்ல செடி வதங்குது. பசியில முகம் வதங்குது. என் யூகம் என்னன்னா, அது முதல்ல வெளியிலதான் இருந்திருக்கணும்... அப்புறம்தான் சட்டிக்குள்ள வந்திருக்கணும். நிரூபிக்க முடியாது. ஆனா வாடற செடியைப் பார்த்த யாரோதான் முதல் முதலா வெங்காயத்தைப் பார்த்து அப்படிச் சொல்லியிருப்பாங்க."

"அப்படீன்னா ஒண்ணு சேர்த்துக்குங்க," என்றாள். "தண்ணி ஊத்தினா அது வேகறது. எண்ணெய் நிறைய ஊத்தினா பொரியறது. தண்ணியே இல்லாம சூடு மட்டும்னா வறுபடறது. வதங்கறதுன்னா, காய் தன்கிட்ட இருக்கற தண்ணியை விட்டு, அதுலயே குழைஞ்சு அடங்கறது. வெளியிலேருந்து ஒரு சொட்டு வேண்டாம்."

அவன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, காய்ந்தும் காயாமலும் இருந்த சீட்டின் ஓரத்தில் அதை எழுதிக்கொண்டான். "இதை நான் யோசிக்கவே இல்லை," என்றான். "வறு சொன்னீங்களே... வறண்ட நிலம், வறட்சி எல்லாம் அதோட சொந்தக்காரங்கதான்னு சொல்லுவாங்க. உங்க கணக்கும் அங்கதான் போய் நிக்குது."

அன்றைக்கு அவன் கீழே இறங்கும்போது எல்லாச் சீட்டும் காய்ந்திருந்தது. ஒரே ஒரு சீட்டின் மூலை மட்டும் பழுத்திருந்தது. பரவாயில்லை என்று அவனே சொல்லிவிட்டான்.

மறுநாளும் வந்தான். பொரி என்ற வார்த்தையில் சந்தேகமாம். "எண்ணெய்ல போட்டாலும் பொரியுது, முட்டையிலேருந்து குஞ்சும் பொரியுது. ரெண்டுலயும் மேல்தோல் வெடிக்குது, கவனிச்சீங்களா?" அதற்கடுத்த நாள் கிளறு, துழாவு, கிண்டு மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டு வந்தான். அவள் ஒரே சட்டியில் மூன்றையும் செய்து காட்டினாள். வருவான், டீ போடுவாள், ஜன்னலோரம் இருவரும் நின்று குடிப்பார்கள். தெருவில் மழை பெய்தால் நல்லது, பெய்யாவிட்டாலும் நல்லதுதான். அவள் மகாராணியின் புது ஆணைகளைப் படித்துக் காட்டுவாள். "'வேண்டிய அளவு உப்பு.' யாருக்கு வேண்டிய அளவு? 'பக்குவமாக இறக்கவும்.' அடேயப்பா!" அவன் சிரிப்பான். ஆனால் மகாராணி பேச்சு வந்தால் மட்டும் அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிடும். அவளும் அதைக் கவனித்தாள். இளகிய மனசு போலிருக்கிறது, முகம் தெரியாதவர்களைக்கூடக் கிண்டல் செய்யப் பிடிக்கவில்லை என்று அதற்கும் ஒரு மார்க் போட்டாள்.

வீட்டில் அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமலா இருக்கும்? அவள் பாட்டுக்குத் தனியாகச் சிரித்துக்கொண்டே பாத்திரம் தேய்த்தால்?

"யாருடி?" என்றாள் அக்கா.

"யாருமில்லை. அகராதி."

"அகராதி பிடிச்சவனா? உனக்கு ஏத்த ஆள்தான்." அக்கா துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குரல் தணிந்துவிட்டது. "இந்தத் தடவையாவது அந்த நாக்கைக் கொஞ்சம் கட்டி வை. போன தடவை அந்தப் பையன் தன் கையால கேக் செஞ்சு எடுத்துட்டு வந்தான். எப்படி இருக்குன்னு ஆசையா கேட்டான். நீ என்ன சொன்னே?"

"நடுவுல மாவு வேகலைன்னேன். வேகலையே அக்கா..."

"அவனும் அப்புறம் இந்தத் தெருப் பக்கமே வரலையே."

கரண்டி அடுத்த பாத்திரத்தை எடுத்துத் தேய்த்தாள். அக்கா சொன்னது அத்தனையும் நிஜம். அவளுக்குப் பொய் வராது. வந்திருந்தால் இந்த வேலைக்கே லாயக்கில்லை. ஆனால் உண்மையைக் கேட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருக்கிறவர் யாரும் இதுவரை கிடைக்கவில்லை. இவன் இருப்பானா...? அந்த ஒரு கேள்விதான் அவளுக்குள் ராத்திரி பகலாக ஓடிக்கொண்டிருந்தது.

அறிக்கை எழுதும் நேரம் நெருங்கியது. மகாராணியின் குறிப்புகளில் பாதிக்கு மேல் சமைத்தாகிவிட்டது. எழுதியபடி செய்தால் ஒன்று கருகுகிறது, இல்லை பச்சையாக நிற்கிறது. தேறவே இல்லை. அதைச் சொன்னபோது அவன் டீ கிளாஸைக் கையிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தான்.

"தேறலைன்னு எழுதிடப் போறீங்களா?"

"வேற என்ன எழுதறது?"

"இல்லை... கொஞ்சம் பொறுத்து எழுதலாமேன்னு. கைக்குத் தெரிஞ்சதை எழுத்துல கொண்டு வர்றது எல்லாருக்கும் வராது. அவங்க எத்தனை ஆசையா எழுதியிருப்பாங்களோ..."

"ஆசையா எழுதினா வெங்காயம் கருகாதா?" என்று சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. கிளாஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டான்.

அதற்கு மறுநாள்தான் அந்த அம்மாள் வந்தார்.

முற்பகல் நேரம். கரண்டி ஒரு புதுக் குறிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'சட்டியை நன்றாகச் சூடாக்கவும்' என்று இருந்ததால் பர்னரை முழுசாகத் திருப்பி விட்டிருந்தாள். கதவருகே யாரோ மூச்சு வாங்கும் சத்தம். கையில் டிபன் கேரியரோடு ஓர் அம்மாள். குட்டையாக, உருண்டையாக, நெற்றியில் வியர்வையோடு நின்றார்.

"அகராதி ஆபீஸ் இதாம்மா? பையன் சாப்பாட்டை மறந்துட்டு வந்துட்டான்..."

"ஒரு மாடி தாண்டி வந்துட்டீங்க அம்மா. அது கீழே. உட்காருங்க, தண்ணி தரேன்."

அந்த அம்மாள் உட்காரவில்லை. பார்வை அடுப்புக்குப் போயிருந்தது. சட்டியைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறும் தீயைப் பார்த்தார்... தன்னையறியாமல் இரண்டு எட்டு வைத்து வந்து குமிழைத் திருகித் தணித்தார்.

"அடுப்பை ஏம்மா இப்படிக் கோபப்படுத்தறே?"

கரண்டியின் கையிலிருந்த தம்ளர் அப்படியே நின்றது.

அந்த அம்மாளுக்கு ஒன்றும் தெரியாது. தண்ணீரைக் குடித்தார், "நல்லா இரும்மா" என்றார், படியிறங்கிப் போனார். கரண்டிதான் அசையாமல் நின்றாள். மழையில், சாய்ப்பின் கீழே, அவன் சிரிப்பு சட்டென்று நின்றதே... மகாராணி என்று சொல்லும்போதெல்லாம் பாதியில் நின்றதே... ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ஒவ்வொன்றும் சுட்டது.

சாயங்காலம் அவன் வந்தான். அவள் டீ போடவில்லை.

"உங்க அம்மாவா?"

அவன் சுற்றி வளைக்கவில்லை. "ஆமா."

"எப்பலேருந்து தெரியும்?"

"முதல் நாள்லேருந்து. மழையில நீங்க சொன்னப்பவே."

"அப்ப இத்தனை நாளும்... நான் உங்க அம்மாவை மகாராணி மகாராணின்னு கேலி பண்ணினப்ப... நின்னு கேட்டுக்கிட்டு இருந்திருக்கீங்க. என்னை வாயைத் திறக்க விட்டு வேடிக்கை பார்த்திருக்கீங்க."

"இல்லைங்க. எப்படிச் சொல்றதுன்னு..."

"நேத்து பொறுத்து எழுதுன்னு சொன்னீங்களே... அதுக்குத்தானா? தினமும் வந்து எனக்கு ஐஸ் வச்சது எல்லாம் புத்தகத்தைத் தேத்தறதுக்குத்தானா?"

"சத்தியமா இல்லை!"

"வேற எதுக்கு வந்தீங்க?"

அவன் வாயைத் திறந்தான். கட்டடம் முழுக்க வார்த்தைகளை வைத்துக்கொண்டிருக்கிறவன்... ஒன்றுகூட வரவில்லை. "வார்த்தைக்கு அர்த்தம் கேட்கத்தான்..." என்று முனகினான்.

"அர்த்தம் கேட்டாச்சு இல்லை? கிளம்புங்க."

அவன் போன பிறகு அடுப்பைப் பற்ற வைத்தாள், அணைத்தாள், மறுபடி பற்ற வைத்தாள். அழுகை வந்தது. வெங்காயம் உரிக்காமலே அழுவது அந்தச் சமையலறையில் அன்றைக்குத்தான் முதல் தடவை.

மறுநாள் காலை நேராகப் பதிப்பாசிரியரிடம் போனாள். "சார், இந்தப் புத்தகம் எழுதினவங்க யாருன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அவங்க பையன் என் சினேகிதர்... சினேகிதரா இருந்தார். என் அறிக்கை செல்லாது. வேற யாரையாவது சமைக்கச் சொல்லுங்க."

பதிப்பாசிரியர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "சினேகிதம்னு தெரிஞ்சதும் உன் தீர்ப்பு மாறிடுச்சா?"

"மாறலை சார். தேறலைதான்."

"அப்புறம் என்ன? எழுதிக் கொடு."

எழுதிக் கொடுத்தாள். எழுதும்போது அவன் முகம் கண்முன் நின்றது உண்மை. ஒரு வார்த்தையைக்கூட மாற்றவில்லை என்பதும் உண்மை. இதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டாள். பெற்ற தாயின் புத்தகத்தை ஒருத்தி தூக்கியடித்தால், எந்த மகன் அவள் பக்கம் திரும்பிப் பார்ப்பான்? கேக் செய்த பையனே போய்விட்டான். அவனுக்காவது அது வெறும் கேக், இவனுக்கு அம்மா.

அந்த வாரம் முழுக்க அவன் மாடியேறவில்லை. அவளும் இறங்கவில்லை. படிக்கட்டில் ஒருமுறை எதிரெதிரே வந்தார்கள்... இரண்டு பேரும் ஒரே பக்கம் ஒதுங்கினார்கள், மறுபடி ஒரே பக்கம் ஒதுங்கினார்கள். சிரித்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை.

சனிக்கிழமை பதிப்பாசிரியர் கூப்பிட்டார். "அந்த அம்மா போன் பண்ணினாங்க. தேறலைன்னு எழுதின பொண்ணை நேர்ல பார்க்கணுமாம். நாளைக்கு மத்தியானம் சாப்பிட வரச் சொல்றாங்க. நான் போன்னும் சொல்ல மாட்டேன், போகாதேன்னும் சொல்ல மாட்டேன்."

அக்கா வேண்டாம் என்றாள். "வீட்டுக்குக் கூப்பிட்டு வச்சு கிழிக்கப் போறாங்கடி!"

"கிழிக்கட்டும்," என்றாள் கரண்டி. "முதுகுக்குப் பின்னாடி கேலி பண்ணினேன் இல்லை? முகத்துக்கு நேரா வாங்கிக்கறேன்."

அது ஒரு குடியிருப்பின் நான்காவது மாடி வீடு. வாசலில் செருப்பு ஸ்டாண்டு, கூடத்தில் துவைத்த துணி மடிக்காமல் நாற்காலியில், உள்ளே எங்கோ வாஷிங் மெஷின் சுற்றும் சத்தம். கதவைத் திறந்தவன் அவன்தான். தோளில் பூந்துவாலை, கண்ணில் கண்ணாடி இல்லை. அவளைக் கண்டதும் தடுமாறி, "அம்மா... வந்துட்டாங்க," என்று உள்ளே பார்த்துச் சொன்னான். அந்தக் கண்களைப் பார்க்கக் கூடாது என்று தீர்மானித்துக்கொண்டுதான் வந்திருந்தாள். பார்த்துவிட்டாள்.

சமையலறை வாசலுக்கு வந்த அம்மாள் அவளைப் பார்த்ததும் மோவாயில் கை வைத்துக்கொண்டார். "அடிப் பாவி... நீயா! தண்ணி கொடுத்த பொண்ணு!"

"நான்தாங்க அம்மா," என்றாள். "அதோட... இன்னொண்ணையும் சொல்லிடறேன். நீங்க யாருன்னு தெரியாம உங்களை மகாராணின்னு கேலி பண்ணியிருக்கேன். நிறையத் தடவை. தப்புதான். மன்னிச்சிடுங்க."

அந்த அம்மாள் உள்ளே கையைக் காட்டினார். "முதல்ல சாப்பிடு," என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டார். மகனையும் கண்ணாலேயே எதிரில் உட்கார வைத்தார். சோறும் கத்திரிக்காயும் தட்டுக்கு வந்தன. வெங்காயத்தோடு சேர்த்து வதக்கிய வெறும் கத்திரிக்காய், அவ்வளவுதான். அவளுக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. கட்டடத்தையே மழைக்குள் இறக்கிய அதே குறிப்பு.

ஒரு வாய் வைத்தாள்... கண்ணை மூடிக்கொண்டாள். காய் நாக்கில் கரைந்தது. வெங்காயம் இருக்கிறதா என்றால் இருக்கிறது, எங்கே என்றால் சொல்ல முடியாது. இத்தனை வருஷம் நாக்கை நம்பிப் பிழைக்கிறவள், அதற்கு ஒரு குறைகூடக் கிடைக்கவில்லை.

"எப்படி இருக்கு?" என்றார் அம்மாள்.

"இதுக்கு ஈடே இல்லைங்க அம்மா."

"அப்புறம் ஏன் தேறலைன்னு எழுதினே?"

வாஷிங் மெஷின்கூட நின்றிருந்தது. எதிரே இரண்டு கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. இங்கே ஒரு சின்னப் பொய் போதும். 'அவசரத்தில எழுதிட்டேன்' என்றால் போதும். நாக்கைக் கட்டி வை, கட்டி வை என்று அக்காவின் குரல் காதுக்குள் கேட்டது.

"இது தட்டுல இருக்கும்மா," என்றாள். "தாள்ல இல்லை."

"வதக்கறது யாருக்குத் தெரியாது? இதைப் போய் விளக்கி எழுதணுமா?"

"தெரிஞ்சவங்களுக்குப் புத்தகம் எதுக்கும்மா? வீட்டை விட்டுத் தனியா வந்து, பக்கத்துல யாரும் இல்லாம, பசியோட அடுப்பு முன்னாடி நிக்கற ஒருத்தருக்குத்தானே எழுதறோம்? அவங்க நீங்க எழுதினதை நம்பிச் செய்வாங்க. கருகினா, தனக்குத்தான் வரலைன்னு நினைச்சு அடுப்பையே மூடிடுவாங்க. உங்க கையில இவ்வளவு இருக்கு... அது அவங்களுக்குப் போய்ச் சேரவே சேராது. எனக்கு அதுதாம்மா தாங்கலை."

தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். போச்சு... எல்லாம் போச்சு.

அந்த அம்மாள் சோற்றுப் பாத்திரத்தை மூடினார். பிறகு மெல்லத் திரும்பினார், அவளிடம் இல்லை, மகனிடம்.

"நான் எழுதி முடிச்சதும் உன்கிட்டத்தானேடா முதல்ல காட்டினேன்? வார்த்தை வார்த்தையா பார்க்கறவன் நீ. என்ன சொன்னே?"

அவன் எச்சில் விழுங்கினான். "ரொம்ப நல்லா இருக்குன்னு சொன்னேன்."

"நல்லா இருந்ததா?"

"இல்லைம்மா." அவன் குரல் எழும்பவில்லை. "இவங்க சொல்றது அத்தனையும் படிச்சப்பவே தோணுச்சு. நீ ராத்திரியெல்லாம் உட்கார்ந்து எழுதினே... உன் முகம் வாடிடுமேன்னு சொல்லலை."

"என் முகம் வாடினா ஒரு வாய் காபி குடிச்சா சரியாயிடும். ஊருக்கே கருகல் சாப்பாடு போட்டிருந்தா? எத்தனை பேர் வாயில விழுந்திருப்பேன்? பெத்த பிள்ளை சொல்லாததை, யாரு பெத்த பிள்ளையோ வந்து சொல்லுது பாரு." அந்த அம்மாள் கரண்டியின் தட்டில் இன்னொரு கரண்டிக் கத்திரிக்காயை வைத்தார். "சாப்பிடும்மா. சாப்பிட்டுட்டு என் பக்கத்துல வந்து நில்லு. நான் சமைக்கறேன். எங்க நிறுத்தறேன், எதைப் பார்த்து நிறுத்தறேன்னு நீ கேளு. எனக்கே தெரியாது, நீ கேட்டாத்தான் தெரியும். மொத்தத்தையும் திருப்பி எழுதிடுவோம்."

கரண்டிக்குக் கண் நிறைந்துவிட்டது. தலையை மட்டும் ஆட்டினாள்.

"நீ எங்கடா எழுந்திருக்கறே?" என்று அம்மாள் மகனை அதட்டினார். "உட்காரு. இந்தப் பொண்ணுகிட்ட வேற என்ன பொய் சொல்லி வச்சிருக்கே? எல்லாத்தையும் இப்பவே கொட்டிடு. பின்னால தெரிஞ்சா எனக்குக் கெட்ட கோபம் வரும்."

அவன் உட்கார்ந்தான். மேஜையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டான். அம்மாவைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான், கடைசியில் அவளைப் பார்த்தான்... இந்த முறை பார்வையை எடுக்கவில்லை.

"அர்த்தம் கேட்கத்தான் மாடிக்கு வந்தேன்னு சொன்னேன்," என்றான். "பொய். சமையல் வார்த்தை எல்லாம் முதல் வாரத்திலேயே எழுதி முடிச்சாச்சு. கிளறும் கிண்டும் எனக்கு முன்னாடியே தெரியும். அதுக்கப்புறம் வந்ததெல்லாம்... உங்களைப் பார்க்கத்தான். புத்தகத்துக்காக ஒரு நாள்கூட வரலை. உண்மையைச் சொன்னா மேல வர விட மாட்டீங்களோன்னு பயம். அதான் மறைச்சேன். நீங்க தேறலைன்னு எழுதினதைப் படிச்சப்ப எனக்குக் கோபமே வரலைங்க. அம்மாவுக்காகக் கஷ்டமா இருந்தது, ஆனா... இப்படி ஒருத்தர் என் வாழ்க்கையில இருக்கணும்னுதான் தோணுச்சு. எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு."

அந்த அம்மாள் திடீரென்று அடுப்பில் ஏதோ வேலை ஞாபகம் வந்தவர்போல் உள்ளே போய்விட்டார். அடுப்பில் ஒன்றுமே இல்லை.

கரண்டி சோற்றில் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே மழை பிடித்திருந்தது. மனசு முழுக்க ஒரே சத்தம்... ஆனால் என்ன சொல்ல வேண்டும் என்பதில் ஒரு குழப்பமும் இல்லை. உண்மை சொல்வது அவளுக்குப் புதுசா என்ன? இதுவரை சொன்னதெல்லாம் குறைகள், அவ்வளவுதான் வித்தியாசம்.

"நீங்க மறைச்சது எனக்குக் கொஞ்சம்கூடப் பிடிக்கலை," என்றாள். "இன்னும் ஆறலை. ஒரு வாரம் நான் ஒழுங்கா சாப்பிடலை, தூங்கலை."

அவன் தலை குனிந்தான்.

"முழுசா கேளுங்க. உங்க காலடிச் சத்தம் படியில கேட்டா எனக்குக் கை வேலை ஓடாது. அதுவும் நிஜம். உங்களைப் பிடிச்சிருக்கு... ரொம்ப நாளா. இனிமே எதையும் மறைக்காதீங்க. நானும் மறைக்க மாட்டேன், எனக்கு அது வரவும் வராது. தாங்குவீங்களா?"

"தாங்குவேன்," என்றான் அவன்.

"அப்ப சாப்பிடுங்க," என்றாள். "ஆறிட்டிருக்கு."